டோர்ட்டோலா போகும் படகு

என் கணவர் மாதிரி ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. தொண்ணூறுகளில் நியூ ஜெர்சியில் எங்கள் கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருந்தபோது அந்த மனிதர் நடமாடிய லட்சணத்தைப் பார்த்திருக்க வேண்டும். நாற்பது மைல் வேகம் என்று போட்டிருந்தால் முப்பத்தைந்தில் போவார். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தே கொல்லுவான். நூலகப் புத்தகத்தைக் கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போதே ஓடிப்போய்த் திருப்பிக் கொடுப்பார். "ஏதாவது ரெக்கார்ட்ல ஏறிடுச்சுன்னா?" என்பார். நூலகப் புத்தகம் எந்த ரெக்கார்டில் ஏறும் என்று கேட்டால் கார் சாவியைத் தேடப் போய்விடுவார்.

விஷயம் இதுதான். விண்ணப்பம் முடிவாகும்வரை நாங்கள் அமெரிக்காவை விட்டு வெளியே காலெடுத்து வைக்கக் கூடாது. வைத்தால் விண்ணப்பம் செத்தது. பாஸ்போர்ட்டில் இருந்த விசாவும் எப்போதோ காலாவதியாகிவிட்டதால், திரும்பி வர விசா கிடைக்குமா என்பதும் கடவுளுக்கே வெளிச்சம். போய்விட்டுத் திரும்ப ஒரு அனுமதிக் கடிதம் உண்டு. அதையும் கேட்டிருந்தோம், வரவில்லை. வக்கீல் என்று ஒரு மகானுபாவர் இருந்தார். போன் பண்ணினால், "சும்மா சும்மா கேட்டீங்கன்னா ஃபைல் அடியில போயிடும் மேடம்" என்பார். நானும் வாயை மூடிக்கொள்வேன்.

எனக்கு வேலைக்குப் போக அனுமதியில்லை. கார் ஓட்டத் தெரியாது. பார்சிப்பனியில் எங்கள் அபார்ட்மெண்டைச் சுற்றி நெடுஞ்சாலைதான். நடைபாதை கூடக் கிடையாது. காலையில் அவர் கிளம்பிப் போனால் நானும் ரெஃப்ரிஜிரேட்டரும்தான் பேசிக்கொள்ள வேண்டும். திருச்சியில் ஒன்பதாம் வகுப்புக்குப் புவியியலும் குடிமையியலும் நடத்தியவள் நான். பிள்ளைகள் என்னைக் கண்டால் நடுங்குவார்கள், அவ்வளவு கோபம் வரும் எனக்கு. அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு இங்கே என்ன செய்வது? பாத்திரத்தை நங்கென்று வைப்பேன், அவ்வளவுதான்.

அப்போதுதான் என் தங்கையிடமிருந்து போன் வந்தது. அவள் கணவர் கணக்காளர். அவருக்கு டோர்ட்டோலாவில் வேலை கிடைத்து, கைக்குழந்தையோடு போய் இறங்கியிருந்தார்கள்.

"அது எங்கடி இருக்கு?" என்றேன்.

"நீதானே அக்கா ஜியாகரஃபி டீச்சர்? என்னக் கேக்கற!"

அட்லஸை எடுத்துப் பார்த்தேன். கரீபியன் கடலின் விளிம்பில் மிளகைச் சிந்தினாற்போல் புள்ளிகள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மூக்கு தாளில் படக் குனிந்து தேடினால், இருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். அவளைப் பார்த்து அப்போதே பல வருஷம் ஆகியிருந்தது. அவள் கல்யாணத்துக்கே நான் போகவில்லை, விசாவில் ஏதோ சிக்கல். இப்போது அவள் சமுத்திரத்தின் இந்தப் பக்கத்துக்கே வந்துவிட்டாள். வெளிநாட்டுக் குறியீடு எதுவும் வேண்டாம், முதலில் ஒன்றைப் போட்டு நம்பரைச் சுழற்றினால் டெக்ஸாஸுக்குப் போவது மாதிரி போன் போய்விடுகிறது. பில் வந்த பிறகுதான் அது வெளிநாடு என்று புரிந்தது, அது வேறு கதை.

முதலில் அவளைத்தான் இங்கே வரச் சொன்னேன். அமெரிக்க விசாவுக்காக அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பார்படோஸ் வரை விமானத்தில் போனாள். அங்கேதான் தூதரகம். வந்தால் திரும்பிப் போகமாட்டாய் என்று சொல்லி நிராகரித்து அனுப்பிவிட்டார்கள். மறுபடியும் போனாள், மறுபடியும் அதே பதில். "என் மூஞ்சியப் பாத்தா ஓடிப்போறவ மாதிரியாக்கா இருக்கு?" என்று போனில் அழுதாள். அவளால் உள்ளே வர முடியாது, என்னால் வெளியே போக முடியாது. நடுவில் கிடந்து குழந்தை வளர்ந்துகொண்டிருந்தது. தவழ்ந்தது, நடந்தது, பேசவும் பேசியது. எல்லாம் போட்டோவிலும் போனிலும்தான் எனக்கு.

ஒரு சனிக்கிழமை நூலகத்தில் கலைக்களஞ்சியத்தைப் புரட்டியபோது அது கண்ணில் பட்டது. வர்ஜின் தீவுகள் இரண்டு வகை. கிழக்கே இருப்பவை பிரிட்டனுக்குச் சொந்தம், டோர்ட்டோலா அதில் பெரியது. மேற்கே இருப்பவை அமெரிக்காவுக்குச் சொந்தம். செயின்ட் தாமஸ், செயின்ட் குரோய், செயின்ட் ஜான் என்று மூன்று. இந்தச் செயின்ட் ஜானுக்கும் டோர்ட்டோலாவுக்கும் நடுவே இருக்கும் கடல், மிகக் குறுகலான இடத்தில் ஒரு மைல் சொச்சம்தான். ஸ்ரீரங்கத்துக் காவிரியையும் கொள்ளிடத்தையும் சேர்த்ததை விடக் கொஞ்சம் அகலம், அவ்வளவுதான்! நூலகத்திலேயே "அடியம்மா!" என்று கத்திவிட்டேன்.

அன்று ராத்திரி சாப்பாட்டில் வகுப்பெடுத்தேன்.

"டென்மார்க்காரன்கிட்டேயிருந்து அமெரிக்கா காசு குடுத்து வாங்கின தீவு. தங்கமாவே குடுத்திருக்கான். அது அமெரிக்காதான். அங்க போறது நாட்டை விட்டுப் போறதே கிடையாது."

"அப்போ அங்க கவர்னர் இருக்காரா?" என்றார் இவர், சந்தேகமாக.

"இருக்கார். ஜனங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கறாங்க. பதினஞ்சு செனட்டர் வேற. எல்லாரும் அமெரிக்கப் பிரஜை. ஆனா அங்க இருக்கறவரைக்கும் ஜனாதிபதிக்கு ஓட்டுப் போட முடியாது. காங்கிரஸுக்கு ஒரு ஆளை அனுப்பலாம், அவர் பேசலாம். கடைசி ஓட்டெடுப்புல கை தூக்க முடியாது."

"நம்ம மாதிரியே" என்று ரசத்தை ஊற்றிக்கொண்டார். அவர் அபூர்வமாகச் சொன்ன நல்ல வார்த்தைகளில் அது ஒன்று.

டோர்ட்டோலாவைப் பற்றியும் சொன்னேன். அங்கே கவர்னரை ராணி நியமிக்கிறாள், முதல் மந்திரியை ஜனங்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். பிரிட்டன் கொடி பறந்தாலும் செலவழிப்பது அமெரிக்க டாலர். ஆறு கிடையாது, மழைத்தண்ணீரை வீட்டுக்கு அடியில் தொட்டி கட்டிப் பிடித்து வைக்கிறார்கள். பிழைப்பு இரண்டு. ஒன்று சுற்றுலா. இன்னொன்று கம்பெனி பதிவு செய்வது. என் தங்கை கணவருக்கு அதுதான் உத்தியோகம். உலகத்தில் எங்கேயோ இருப்பவனுக்காக அங்கே ஒரு கம்பெனி பிறக்கும். அதற்கு ஆள் கிடையாது, மேஜை நாற்காலி கிடையாது, பெயர் மட்டும் இருக்கும். ஆளே இல்லாத அந்தக் கம்பெனி எல்லா நாட்டுக்கும் போய்வரும். கையும் காலும் உள்ள நான் ஒரு மைல் தாண்டக் கூடாதாம். என்ன நியாயமோ இது, இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

அவரைச் சம்மதிக்க வைக்கக் குளிர்காலம் முழுக்கப் பிடித்தது. வக்கீலிடம் கேட்டோம். போகலாம், அது அமெரிக்காதான், ஆனால் செயின்ட் தாமஸிலிருந்து திரும்பும்போது விமான நிலையத்தில் இமிக்ரேஷன் அதிகாரி காகிதம் கேட்பார் என்றார். போச்சு! ஊருக்குள்ளேயே இமிக்ரேஷனா என்று இவருக்கு முகம் வெளிறிவிட்டது. கல்யாணப் பத்திரிகை வரைக்கும் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டுக்கொண்டார். அந்த ஃபைலைப் பயணம் முழுக்கக் கைக்குழந்தை மாதிரி இடுக்கிக்கொண்டே திரிந்தார். கடற்கரையிலும்தான்.

திட்டம் என்னுடையது. செயின்ட் ஜானின் வடகரையில் நான் நிற்பது, எதிரே டோர்ட்டோலாவின் கடலோரச் சாலையில் அவள் குழந்தையோடு வந்து நிற்பது. காலை பத்து மணிக்கு. அவள் மஞ்சள் படுக்கை விரிப்பை விரித்துப் பிடிக்க வேண்டும், என்னிடம் பைனாகுலர். பேச முடியாவிட்டாலும் கண்ணால் பார்த்துவிடலாமே. போனில் இதை அவளிடம் சொன்னேன்.

"வெறும பாக்கறதாக்கா?" என்றாள்.

"அதுவாவது கிடைக்குதேன்னு சந்தோஷப்படுடி."

"சரிக்கா."

செயின்ட் தாமஸில் இறங்கி, மறுநாள் காலை படகில் செயின்ட் ஜான் போனோம். குரூஸ் பே என்ற அந்தத் துறையில் இறங்கி நிமிர்ந்தால், பக்கத்திலேயே இன்னொரு படகு புறப்படத் தயாராக நிற்கிறது. ஒருவர் படித்துறையில் நின்று "டோர்ட்டோலா! வெஸ்ட் எண்ட்! டோர்ட்டோலா!" என்று கூவிக்கொண்டிருந்தார். திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் "ஜங்ஷன், ஜங்ஷன்" என்று கத்துவார்களே, அதே ராகம். பள்ளிக்கூடப் பெண்கள் ஏறினார்கள். வாழைப்பழத் தாரோடு ஒரு அம்மாள் ஏறினாள். யாருக்கும் அது ஒரு விஷயமே இல்லை. டோர்ட்டோலாவின் வெஸ்ட் எண்ட் துறைக்கு அரைமணி நேரப் பயணம்.

எனக்குக் கால் நகரவில்லை. பாஸ்போர்ட் என் கைப்பையில்தான் இருந்தது. வேலி கிடையாது, போலீஸ் கிடையாது. போகிறவளை யாரும் தடுப்பதாகவே தெரியவில்லை. திரும்பி வரும்போதுதான் கதவு மூடிக்கொள்ளும். இப்படித் திறந்து கிடக்கும் சிறையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கு அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழ வேண்டும் போலிருந்தது.

என் கணவர் என்னையும் படகையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, நான் கனவிலும் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னார்.

"போகணும்னா போ. நான் தடுக்கமாட்டேன். என்ன ஆகுதோ பாத்துக்கலாம்."

"பைத்தியமா உங்களுக்கு? இத்தன வருஷம் காத்திருந்தது எதுக்கு?" என்று அவர் மேல் எரிந்து விழுந்தேன். "டாக்சியப் பிடிங்க, மணி ஆகுது."

படகு ஹாரன் அடித்துக் கிளம்பியது. நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

வடகரையில் சர்க்கரை ஆலையின் இடிபாடு ஒன்று இருக்கிறது. அதற்குக் கீழே கரையோரமாக நின்றோம். எதிரே டோர்ட்டோலா. அட்லஸில் புள்ளியாக இருந்தது இங்கே பச்சை மலையாக எழுந்து நின்றது. மலைச்சரிவில் வீடுகள், கீழே சாலையில் ஊர்ந்து போகும் கார்கள். பத்து மணிக்கு நான் பைனாகுலரைக் கண்ணில் வைத்தேன். அதற்குள் தீவே குலுங்கியது. இவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். சாலையோரத்தில் மஞ்சளாக ஒன்று அசைந்தது.

"அதோ! அதோ! பாருங்க, வந்துட்டா!"

துப்பட்டாவைக் கழற்றிச் சுழற்றினேன். "அடியே! இங்கடி!" என்று கத்தினேன், ஒரு மைலுக்கு அப்பால் கேட்கும் என்பது போல. குழந்தையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். குளிக்க வந்திருந்த வெள்ளைக்காரர்கள் தள்ளிப் போய் உட்கார்ந்தார்கள். தோள் இற்றுப்போகும் வரை ஆட்டினேன். அந்த மஞ்சளும் காற்றில் படபடத்துக்கொண்டே இருந்தது. மத்தியானம் வரை நின்றோம். இவர் கண்ணையும் துடைத்துக்கொண்டார், ஃபைலையும் விடவில்லை.

சாயங்காலம் செயின்ட் தாமஸ் ஓட்டலுக்குத் திரும்பியதும் முதல் வேலையாகப் போனை எடுத்தேன்.

"பாத்தேன்டி! உன் பெட்ஷீட்டப் பாத்தேன்! நீ என்னப் பாத்தியா? நீலத் துப்பட்டா ஆட்டினேனே?"



"நான் அங்க போகவே இல்லக்கா" என்றாள்.

எனக்கு ஒரு நிமிடம் எதுவும் புரியவில்லை. அப்படியானால் அந்த மஞ்சள் எது? யார் வீட்டுக் கொடியில் காய்ந்த எந்தத் துணியைப் பார்த்து அழுதேன்? வந்ததே கோபம்! எத்தனை மாதத் திட்டம், எவ்வளவு கெஞ்சல், எவ்வளவு செலவு. வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன். ஒரு போன் பண்ணத் தெரியாதா, காலையில் ஓட்டலுக்குச் சொல்லியிருக்கக் கூடாதா, அங்கே வெயிலில் ஒரு பைத்தியக்காரி மாதிரி நின்றேனே என்று கத்தினேன். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் அவள் பேசினாள்.

"நான் வெஸ்ட் எண்ட் படகுத்துறைலதான்கா இருந்தேன். காலைலேருந்து. செயின்ட் ஜான்லேருந்து வந்த ஒவ்வொரு போட்டையும் பாத்தேன்."

"எதுக்குடி?"

"நீ வருவன்னுதான். நீதான் கோவக்காரியாச்சே. அப்பாவையே எதுத்துப் பேசினவ. இவ்ளோ பக்கத்துல வந்து தீவ நேர்ல பாத்ததும், போங்கடா நீங்களும் உங்க கிரீன் கார்டும்னு விட்டெறிஞ்சிட்டு ஏறிடுவன்னு நெனச்சேன். பாப்பாகிட்டயும் பெரியம்மா வராங்கன்னு சொல்லிட்டேன். ஒவ்வொரு போட்டு வரப்பவும் இவ படிக்கட்டுகிட்ட போய் நின்னுக்கறா. ஒரு பள்ளிக்கூடப் பொண்ணு எறங்குச்சு, அதுகிட்டப் போய் நீதான் பெரியம்மாவான்னு கேக்கறா."

என் கணவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா விடலையா?" என்றாள்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள், ஊரே நம்பும்.

"இல்லடி, அவர் போன்னுதான் சொன்னார்."

"அப்போ உனக்கா பயம்?" அவள் குரலில் கோபம்கூட இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. "உனக்குக் கூடவாக்கா?"

"ஆமாடி" என்றேன்.