சந்தனத்துக்கு அடியில் 5கே

“நம்பர் பிளேட்டத் தவிர கார்ல வேற என்னத்தப் புள்ள படிக்கப் போற?”

செமோரில் பட்டறை வைத்திருக்கும் மாமா இப்படிக் கேட்டார். அப்பாவின் நெடுநாள் கூட்டாளி. எங்கள் காருக்கு ஆயில் மாற்ற, ஈப்போவில் குனோங் ராபாட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். இந்த வண்டியை ஏன் கே.ஈ.30 என்கிறார்கள், அந்த எழுத்துகளுக்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்டதற்குத்தான் இந்தப் பதில். வெறும் கேலி. ஆனால் எனக்குச் சுருக்கென்றது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். என் பட்டம் கூடத்துச் சுவரில் தொங்குகிறது. என்னால் படிக்க முடியாதது ஒன்று இருக்கிறது என்று யாராவது சொன்னால் எனக்குத் தாங்காது.

அப்பா ரப்பர் தோட்டத்தில் லாரி ஓட்டியவர். அந்த ஜப்பான் காரை, தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதிய கிராணியிடமிருந்து வாங்கினார். தோட்டம் ரப்பரிலிருந்து எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறி, பிறகு தாமான் என்கிற வீட்டுக் குடியிருப்பாகி, நாங்கள் ஈப்போவுக்கு வந்தபோது காரும் கூடவே வந்தது.

மாமா போன பிறகு பழைய கையேடுகளையும் கார்ப் பிரியர்களின் இணையப் பக்கங்களையும் தேடித் தேடிப் படித்தேன். எங்கள் கார் வகையில் முதல் எழுத்து எஞ்சின் குடும்பத்தைச் சொல்லும். இரண்டாவது எழுத்து காரின் குடும்பம். பின்னால் வரும் எண் தலைமுறை. ஆக, கே.ஈ.30 என்றால் கே குடும்பத்து எஞ்சின் பூட்டிய ஈ வகைக் கார். கே எந்தச் சொல்லின் சுருக்கம் என்று ரொம்ப நாள் தேடினேன். எதுவும் கிடைக்கவில்லை, ஒரு குடும்பத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துச் சொல்ல ஓர் எழுத்து, அவ்வளவுதான் போலிருக்கிறது. எஞ்சினில் அந்த எழுத்துக்கு முன்னால் எண் வரும்: 3கே, 4கே, 5கே, ஒரே வீட்டில் அடுத்தடுத்துப் பிறந்த பிள்ளைகள் மாதிரி. பிற்கால எஞ்சின்களில் கோடு போட்டு மேலும் எழுத்துகள் சேர்ப்பார்கள். அங்கே ஈ என்றால் கார் வகை இல்லை, பெட்ரோலை மின்னணு முறையில் பீய்ச்சும் எஞ்சின் என்று பொருள். சில கார்களின் பின்புறம் இருக்கும் ஜி.டி. என்பது பெரும் பயணம் என்னும் இத்தாலியச் சொற்களின் சுருக்கம். தோட்டத்து மானேஜரின் காரிலும் பின்னால் ஜி.டி. என்று பொறித்திருந்ததாம். “பங்களாவுலேருந்து ஆபீசு வரைக்கும் போவும். அதான் அவரு பெரும் பயணம்” என்று அப்பா சிரித்தார்.

இதையெல்லாம் மாமா முன்னால் சொல்லிக் காட்ட ஒரு நாளுக்குக் காத்திருந்தேன். ஆயுத பூசை வந்தது.

எங்கள் வீட்டில் ஆயுத பூசையன்று காரின் முகப்புக்கு மட்டுமல்ல, எஞ்சினுக்கும் பொட்டு வைப்போம். எஞ்சின் பக்கவாட்டில் தட்டையாகச் சீவிய சிறு இடம் ஒன்று உண்டு. சந்தனம் வைக்க வாகான இடம் அதுதான் என்று அப்பா ஒவ்வொரு வருடமும் அங்கேயே அப்புவார். பழைய பொட்டை யாரும் துடைப்பதில்லை. அதன் மேலேயே புதியது ஏறும். எஞ்சின் எண்ணைக் கொத்துவதும் அதே இடத்தில்தான் என்பது நான் கையேட்டில் படித்த பிறகே எங்கள் வீட்டுக்குத் தெரிந்தது.

மாமா வழக்கம்போல் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்க வந்திருந்தார். வரிசை வீட்டுக்காரர்களும் கார் நிற்கும் போர்ச்சில் கூடியிருந்தார்கள். நான் மண்ணெண்ணெய்த் துணியோடு குனிந்து, காய்ந்து இறுகிய சந்தனத்தைச் சுரண்டினேன்.

“மாமா, கார்ல படிக்க ஒண்ணும் இல்லேன்னீங்களே, இங்க பாருங்க. கிராண்ட்ல 3கேனு இருக்கு. இங்க 5கேனு இருக்கு. இது ஏதோ வேன் எஞ்சினு. நம்ம எஞ்சின யாரு களட்டுனா?”

கிராண்ட் என்பது காரின் பதிவுச் சீட்டு. அதில் உள்ள எஞ்சினும் காரில் உள்ள எஞ்சினும் வேறாக இருந்தால் என்ன அர்த்தம் என்பது போர்ச்சில் நின்ற எல்லோருக்கும் தெரியும்.

“ஐயய்யோ! நல்ல எஞ்சின வித்துட்டு ஓட்ட எஞ்சின மாட்டிட்டாங்களா?” என்றார் கோடி வீட்டு அக்கா. “இந்த வண்டியில வேற யாரும் கை வைக்கிறது இல்லையே லா.”

சிலர் சிரித்தார்கள். மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா சூடம் ஏற்றிக்கொண்டிருந்தார், தலையைத் தூக்கவில்லை.

“நான்தான் மாத்துனேன்” என்றார் மாமா. சுண்டலைக்கூட வாங்காமல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் ஜெயித்துவிட்டதாகத்தான் அப்போது நினைத்தேன்.

மறுநாள் காலை அப்பா காபியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

“அவன் மேல தப்பு இல்லம்மா. தண்ணி ஊத்தாம ஓட்டி எஞ்சின வெடிக்க வுட்டது நான். வேற எஞ்சின் தேடிப் பூட்டிக் குடுத்தான். போக்குவரத்து ஆபீசுல போயி பதிஞ்சிரு மச்சான், இன்ஸ்பெக்‌ஷனுக்கு வண்டிய நானே கொண்டாரேன்னு தலபாடா அடிச்சுக்கிட்டான். நான்தான் போவல.”

“ஏம்பா?”

“மலாய்ல எளுதிக் குடுக்கணும். உனக்கு அப்ப அஞ்சாம் படிவம், ஸ்கூலு கடைசிப் பரீட்ச. உன்னைய அலைக்களிக்க மனசு வரல. அப்புறம் கேக்க வெக்கமாப் போச்சு.”

“நேத்து சொல்லியிருக்கலாமே?”

“எம்மவ எஞ்சின படிக்கிறானு எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாங்க. அந்த நேரத்துல எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு எப்படிம்மா சொல்லுவேன்?”

அந்தக் காலத்தில் வீட்டுக்கு வரும் ஒவ்வொரு காகிதத்தையும் நான்தான் படித்துச் சொன்னேன். அதில் எனக்கு அவ்வளவு கர்வம். இந்த ஒன்றை மட்டும் அப்பா என்னிடம் நீட்டவில்லை. என் படிப்பின் முன்னால் அவர் கூசி நின்றிருக்கிறார். அந்தக் கூச்சத்தை மறைக்க மாமா திருடன் பட்டத்தை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

அன்றே செமோருக்குப் போனேன். மாமா லாரிக்கு அடியிலிருந்து வெளியே வந்தார்.

“மன்னிச்சிருங்க மாமா.”

“அட, வுடு புள்ள. 5கேனு சரியாத்தானே படிச்ச.”

குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் வலித்தது. தீபாவளிக்கு வீட்டுக்கு வரச் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“உங்க வரிசையில பாதிப் பேரு வண்டி என்கிட்டதான் வரும். எஞ்சின் திருடுறவன்னு ஆகிப்போச்சுன்னா அந்தப் போர்ச்சுல எப்படி வந்து நிப்பேன்? போயி உங்கப்பாவப் பாரு.”

அவரிடம் கேட்ட மன்னிப்பு அவருக்கு ஒன்றுக்கும் உதவாது என்று பேருந்தில் திரும்பும்போது புரிந்தது. கூட்டத்தில் சொன்னதைக் கூட்டத்திடமே திருப்பிச் சொல்ல வேண்டும். ஆனால் மாமாவின் பெயரைத் துடைத்தால் அப்பா மறைத்தது வெளியே வரும். இரண்டு வாரம் இதையே மென்றுகொண்டிருந்தேன். அதற்குள் எஞ்சின் மாற்றத்தைப் பதிய அப்பாவோடு போய் மனு கொடுத்தேன். எங்கே கையெழுத்துப் போடுவது என்று அவர் கேட்டபோது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கடைசியில் அவரிடமே கேட்டேன்.

“சொல்லு” என்றார். “என் பேரச் சொல்லியே சொல்லு. அவன் எத்தன நாளைக்குச் சொமப்பான்?”

நேற்று மாலை கோடி வீட்டு அக்காவிடம் முதலில் போனேன். கேட்டுக்கு வெளியே நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: வண்டியைக் கெடுத்தது அப்பா, பதியாமல் விட்டது அப்பா, தெரியாமல் பேசியது நான். அக்கா வாயில் கை வைத்துக்கொண்டு கேட்டார். பிறகு உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு, பக்கத்து வீட்டு வேலிப்பக்கம் விரைந்தார். அவர் வாயில் இது என்னவாக மாறும் என்று எனக்குத் தெரியும். அவருக்கு முன்னால் நான் ஓடிப்போய் அந்த வீட்டுக் கேட்டைத் தட்டினேன்.