பாஸிங் ஆகாத ஜீப்

சித்தப்பா அந்த ஜீப்பைக் கொண்டுவந்த அன்று எங்கள் வீட்டில் உலை வைக்கவில்லை. ராணுவ ஏலத்தில் எடுத்த பழைய அமெரிக்க ஜீப். கொண்டுவந்தார் என்றா சொன்னேன்? டெம்போவில் கட்டி இழுத்துவந்தார். டயர் இல்லை, சீட் இல்லை, அடித்தகடு வழியே மண் தெரிந்தது. "கல்யாணம் பண்ணிக்கோங்க தம்பின்னா, காயலான் கடை பங்கார் இரும்பைத் தூக்கிட்டு வந்து நிக்கிறீங்களே!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மராத்தி ஊரான கட்கியில் எங்கள் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸே சிரித்தது.

மூன்று வருஷம். தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்ததும் நேராக வந்து அதனடியில் படுத்துவிடுவார். பொய் சொல்லக்கூடாது, ராஜா மாதிரி எழுந்து நின்றது வண்டி. தட்டையான பானெட், அதன்மேல் மடித்துச் சாய்க்கிற முன்கண்ணாடி, நாலு சக்கரத்தையும் சேர்த்து இழுக்கிற குட்டி கியர். "இதுக்கு ரோடே வேணாம்டி. பாஸிங் மட்டும் ஆகட்டும், உன்னை அந்த மலைமேல இருக்கிற கோட்டையிலேயே கொண்டுபோய் இறக்கறேன்," என்பார். ஆர்.டி.ஓ. அதிகாரி சோதித்துப் பாஸ் செய்கிறவரை, அந்தச் சோதனைக்குத் தவிர வண்டியைத் தெருவில் இறக்க முடியாது என்று எனக்கும் தெரியும். தினமும் சாமி கும்பிட்டேன்.

பாஸிங்குக்கு முந்தின வாரம் என் கையில் எமரித் தாளைக் கொடுத்தார். "ஒரு பொட்டுத் துரு இருக்கக்கூடாது. ஏக்தம் சமக்கணும், கண்ணாடி மாதிரி பளபளக்கணும்." எனக்கு ஒன்பது வயது, விடுவேனா? முன்சக்கரத்துக்கு உள்பக்கம், சட்டத்தில் ஒரு சின்னத் தகடு. அதில் துருவரித்த எண்கள் அசிங்கமாக ஒட்டிக்கொண்டிருந்தன. மூன்று மத்தியானம் தேய்த்தேன். தகடு எவர்சில்வர் தட்டுபோல் ஆயிற்று. சித்தப்பா ஒயரிங்கில் தலையை விட்டிருந்ததால் பார்க்கவில்லை.

பாஸிங் மைதானம்வரை நானும் ஜீப்பிலேயே போனேன். அதிகாரி அந்தத் தகட்டின்மேல் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். அப்படித் தேய்த்தால் சேசிஸ் நம்பர் தாளில் எழும்ப வேண்டும். தாள் முழுக்க வெறும் கறுப்பு. இன்னொரு தாள். அதுவும் கறுப்பு. வண்டி திருடுகிறவர்கள்தான் நம்பரை அழிப்பார்களாம். யார் தேய்த்தது என்று மராத்தியில் அதட்டினார்.

நான் என்று கத்த வாயைத் திறந்தேன். சித்தப்பாவின் கை என் தோளை அழுத்தியது. "மீச்," என்றார். நானேதான் என்று அர்த்தம்.

குழந்தை செய்தது என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பார்களோ என்னவோ. ஜீப்பைப் போலீஸ் ஸ்டேஷன் வாசலுக்கு இழுத்துப்போனார்கள். சித்தப்பாவை இரண்டு நாள் வைத்து விசாரித்தார்கள். கேஸ் இழுத்த இழுப்பில் வண்டி மழையிலேயே மக்கிப்போயிற்று. அதன்பிறகு அவர் ஸ்பேனரைத் தொடவில்லை. ஷிப்ட் முடிந்து வந்தால் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். பாவி, அந்த மனுஷனோடு நான் ஒரு மாதம் பேசவில்லை. விரல் எரியத் தேய்த்தது நான், பேர் வாங்கியது அவரா?

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டே விட்டேன். "நான் தேய்ச்சதை நீங்க தேய்ச்சதா ஏன் பொய் சொன்னீங்க?"

சித்தப்பா திரும்பிப் பார்த்தார். "நீதான்டி தேய்ச்ச. நல்லாத்தான் தேய்ச்ச," என்றார்.

அப்பாடா, ஒத்துக்கொண்டாரே என்று குதித்துக்கொண்டு விளையாடப் போய்விட்டேன்.