நாடகத்தைப் பற்றித்தான் சொன்னேன்

கண்ணாடிக்காரருக்குப் படம் பார்க்கத் தெரியாது என்பது அவர் மனைவியின் தீர்ப்பு. மற்றவர்கள் கதை பார்ப்பார்கள், இவர் குறை பார்ப்பார். மழையில் ஓடிவருகிற கதாநாயகியின் செருப்பில் ஒரு பொட்டுச் சேறு இல்லையே என்பார். நாடகத்தில் யாராவது போன் பேசினால், ‘சரி, வச்சிடறேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லாமல் டக்கென்று வைத்துவிடுகிறார்களே, இவர்களுக்கு வீட்டில் மரியாதை சொல்லித் தரவில்லையா என்பார். எல்லாவற்றையும்விட அவருக்கு எரிச்சல் வருவது, பிரிவைக் காட்டுகிற விதத்தில். ஒருவர் ஊரை விட்டுப் போவார், பின்னாலேயே ஒரு பாட்டு வரும், பாட்டு முடிவதற்குள் மூன்று வருடம் ஓடிப்போயிருக்கும். “அந்தப் பாட்டை எனக்கும் யாராவது போட்டுவிட்டா தேவலை” என்று கடையில் சொல்லிச் சிரிப்பார். கூடச் சிரிப்பதா வேண்டாமா என்று மற்றவர்களுக்குத்தான் சங்கடமாக இருக்கும்.

மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் அவருக்கு வேலை. பிரேமுக்கு ஏற்றபடி லென்ஸை வெட்டி, விளிம்பைக் கல்லில் தேய்த்து, உட்கார வைக்க வேண்டும். கல் சுற்றச் சுற்ற அதன்மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். சாயங்காலம் பார்த்தால் விரல் நுனியெல்லாம் வெள்ளைக் குழம்பாக இருக்கும். அந்தக் கையை நன்றாகக் கழுவி வீட்டுக்குப் போனால், கதவைத் திறக்க யாரும் கிடையாது. மனைவி கடல் கடந்து ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். இங்கே இருந்த ஆஸ்பத்திரியில் அவளைக் காகிதம் அடுக்க வைத்திருந்தார்கள். அங்கே அவள் படித்த படிப்புக்கு வேலை கிடைத்தது. இரண்டு வருட ஒப்பந்தம். அது இந்த மாதத்தோடு முடிகிறது. நீட்டிப்பதா, கிளம்பி வருவதா என்று அவள் சொல்லியாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவருக்கு விடுமுறை, அங்கே அவளுக்குக் காலை ஓய்வு. அன்று இரண்டு பேரும் ஒரே நாடகத்தை ஒரே நேரத்தில் பார்ப்பார்கள். போனில் அவள் குரல், எதிரே டிவியில் நாடகம். “சரி, இப்போ” என்று அவள் சொன்னதும் இரண்டு வீட்டிலும் பொத்தானை அழுத்துவார்கள். என்னதான் சேர்ந்து அழுத்தினாலும் இங்கே படம் கொஞ்சம் பிந்தித்தான் ஓடும். அவள் முதலில் சிரிப்பாள், அப்புறம்தான் இவருக்கு ஜோக் வரும். அவள் மூக்கை உறிஞ்சினால், யாரோ சாகப் போகிறார்கள் என்று இவர் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். கடை ஆட்களிடம் இதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவார்.

நாடகம் என்பது அவர்களுக்கு வெறும் நாடகம் அல்ல. மனசில் உள்ளதை முகத்துக்கு நேரே பேசிக்கொள்கிற வழக்கம் இரண்டு பேருக்கும் கல்யாணமான நாளிலிருந்தே கிடையாது. இவர் அக்கா எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்கிறாள் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. ஒரு தொடரில் வந்த நாத்தனாரை ஒரு மாதம் கிழிகிழியென்று கிழித்தாள். இவருக்கும் புரிந்தது, அக்காவின் வருகையும் குறைந்தது. இந்த வேலைக்குப் போகலாமா என்றுகூட அவள் கேட்கவில்லை. ஏதோ ஒரு படத்தில் படிக்கப் போகத் துடித்த ஒரு தங்கையைக் காட்டி, “இவளைப் பிடிச்சு வைக்கறது பாவம் இல்லையா?” என்றாள். இவர் டிவியைப் பார்த்தபடியே, “பாவம்தான், போகட்டும்” என்றார். அடுத்த வாரமே பெட்டி கட்டினார்கள்.

இப்படிச் சுற்றி வளைத்துப் பேசியே பழகிய மனிதர், இந்த மாதம் முழுக்கக் காத்துக்கொண்டிருந்தார். ‘வந்துடு’ என்று சொல்ல அவருக்கு வாய் துடித்தது. ஆனால் அவளாகக் கேட்கட்டும் என்று இருந்தார். கேட்காமல் சொன்னால், அவள் வேலையில் கை வைத்த மாதிரி ஆகிவிடுமே. அதற்குத் தோதான ஒரு கதை வரும் என்று நம்பினார். வாராவாரம் நாடகத்தில் யாராவது வீடு திரும்புகிறார்களா என்றே பார்த்தார். இவருக்கு வேண்டிய நேரம் பார்த்து ஒரு பயலும் திரும்பி வரவில்லை.

வந்ததோ ஒரு வயலின்காரியின் கதை. பெரிய ஊர் வாத்தியக் குழுவில் வாசிக்க அவளுக்கு அழைப்பு வருகிறது. அவள் கணவன் ஒரு அழுமூஞ்சி. சாப்பாட்டு மேசையில் அழுகிறான், படிக்கட்டில் அழுகிறான், அவள் வயலின் பெட்டியைக் கட்டிக்கொண்டும் ஒரு பாட்டம் அழுகிறான். கண்ணாடிக்காரருக்கு அவனைக் கண்டாலே ஆகாது. போன ஞாயிற்றுக்கிழமை அவன் கதவை மறித்துக்கொண்டு நின்ற இடத்தில் இவருக்கு ரத்தம் கொதித்தது. அந்த நேரம் பார்த்து போனில் அவள் கேட்டாள்.

“என்னங்க, இவ போகணுமா, இருக்கணுமா? நீங்க என்ன சொல்றீங்க?”

“இதுல சொல்ல என்ன இருக்கு? போகட்டும். இவ்ளோ கத்துக்கிட்டு, இந்த அழுமூஞ்சிக்குச் சோறு போட்டுக்கிட்டு உக்காந்திருக்கணுமா?”

“அவன் தனியா இருப்பானே.”

“இருக்கட்டுமே. அவன் என்ன பச்சப்புள்ளையா? நாலு நாள் கஷ்டமா இருக்கும், அப்புறம் பழகிடும்.”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று இவர் போனைத் தட்டிப் பார்த்தார். கொஞ்சம் கழித்து, “சரி” என்றாள். நாடகம் முடிகிறவரை அவள் வேறு எதுவும் பேசவில்லை. இரவு வேலை பார்த்த களைப்பு என்று இவர் நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை டீ நேரத்தில், வழக்கம்போல் கடையில் கதை சொல்ல உட்கார்ந்தார். கேட்கிற ஆள் எப்போதும் ஒருவர்தான், முன்னறையில் கண் பரிசோதனை செய்கிற பெண். நாடகம் பார்க்க நேரமில்லாததால் இவர் வாயாலேயே எல்லாத் தொடரையும் முடித்தவள். கணவன் கதவை மறித்ததையும், தான் சொன்ன பதிலையும் இவர் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். அவள் டீயைக் கீழே வைத்தாள்.

“அண்ணே, அண்ணிக்கு ஒப்பந்தம் இந்த மாசம்தான முடியுது?”

“ஆமா.”

“அப்ப அவங்க யாரப் பத்திக் கேட்டாங்க?”

“வயலின்காரியப் பத்தி.” சொல்லி வாய் மூடுவதற்குள் அவருக்கு விளங்கிவிட்டது. இத்தனை வருடமாக நாத்தனாரை அக்காவாகவும் தங்கையை மனைவியாகவும் புரிந்துகொண்ட ஆள், காத்திருந்த கேள்வி வந்து நின்றபோது நிஜமாகவே நாடகம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டார். அந்தப் பாழாய்ப்போன அழுமூஞ்சியில் தன்னை அவருக்குத் தெரியவில்லை. தான் அழுததே இல்லையே என்ற இறுமாப்புதான்.

கை கழுவக்கூடத் தோன்றாமல் பின்னறைக்குப் போய் போன் போட்டார். எடுக்கவில்லை. வேலை நேரத்தில் அவள் போனைப் பெட்டியில் பூட்டி வைத்துவிடுவாள். கல்லை ஓடவிட்டு ஒரு லென்ஸை வைத்தார், விளிம்பு உடைந்தது. இன்னொன்றை எடுக்கத் துணிவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, அவள் திரும்பி வருகிற காட்சிகளை ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டிருந்தார். வாசலில் ஆட்டோ நிற்கும், பெட்டியை இவர் வாங்குவார், வீடு இவ்வளவு குப்பையாகவா இருக்கும் என்று அவள் திட்டுவாள். எத்தனையோ ராத்திரி அவரைத் தூங்க வைத்தது அந்தத் திட்டுதான்.

அங்கே மத்தியானச் சாப்பாட்டு நேரம் வந்ததும் அவளே கூப்பிட்டாள்.

“என்னங்க, இத்தன தடவ கூப்பிட்டிருக்கீங்க? உடம்புக்கு என்ன?”

“ஒண்ணும் இல்ல. நீ அவங்ககிட்ட எதுவும் சொல்லிடலையே?”

“காலையிலயே சொல்லிட்டேன். கையெழுத்தும் ஆயிடுச்சு. இன்னும் ரெண்டு வருஷம்.”

“ஏன்மா?”

“நீங்கதான போகட்டும்னீங்க.”

“நான் அந்த நாடகத்தைப் பத்தித்தான் சொன்னேன்.”

 அவளுக்குப் பின்னால் யாரோ தட்டுகளை அடுக்கும் சத்தம் கேட்டது. “நாம என்னிக்குங்க நாடகத்தப் பத்திப் பேசியிருக்கோம்?” என்றாள்.

“மாத்த முடியாதா?”

“நான் இருக்கேன்னதும் வேற ஆள் எடுக்கறத நிறுத்திட்டாங்க. இப்ப நான் கிளம்பினா என் வார்டுல இருக்கற கிழவிகளப் பாக்க யாரும் இல்ல.” குரல் தழுதழுத்தது. “நேத்து சாயங்காலம் பூராவும் உக்காந்திருந்தேன். இவருக்கு நாம இல்லாமப் பழகிப்போச்சுன்னு நெனச்சேன்.”

அவருக்கு எதையாவது சொல்லிச் சமாளிக்க வேண்டும் போல் இருந்தது. பழக்க தோஷம், ஏதாவது ஒரு படத்தில் இதற்கு ஒரு ஆள் இருப்பானா என்று மனசு தேடியது. எவனும் அகப்படவில்லை. முன்னறையில் அந்தப் பெண் யாருக்கோ எழுத்து வரிசையைப் படிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். இவர் கதவைச் சாத்தினார்.

“பழகலம்மா,” என்றார். “ஒருநாள் கூடப் பழகல. கட்டில்ல உன் பக்கத்துல துணிய மலை மாதிரி போட்டு வச்சிருந்தேன், காலியாத் தெரியக் கூடாதுன்னு. நீ வரப்போறன்னு போன வாரம்தான் எல்லாத்தையும் எடுத்து அடுக்கினேன். எனக்கு நீ வேணும். நீ இங்க இருக்கணும். இத ரெண்டு வருஷமா சொல்லணும்னு இருக்கேன், வாய் வரல.”

சொல்லி முடித்ததும் மூச்சு வாங்கியது. அவள் அழுகிறாள் என்பது தெரிந்தது. இவருக்கும் கண் நிறைந்து வழிந்தது, துடைக்கப் போன விரலெல்லாம் வெள்ளைக் குழம்பு.

“இது எந்த நாடகத்துல வருது?” என்று அழுகையோடு கேட்டாள்.

“எதுலயும் வரல.”

“இன்னொரு தடவ சொல்லுங்க,” என்றாள். “ரெண்டு வருஷம் ஓட்டணும்ல.”

அவர் சொன்னார்.