யொங்ஜா அன்ரி கொண்டுவந்த மத்தியானச் சாப்பாடு

மேல்மாடி ஹெர் கெல்லர் சொல்லாமல் கொள்ளாமல் யார் கதவையும் தட்டுபவரல்ல. போன மாதம் ஒரு காலையில் எங்கள் கதவைத் தட்டினார். மனைவி ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டதாகச் சொன்னார். உள்ளே வரச் சொன்னேன். மற்ற வீடுகளுக்கும் சொல்ல வேண்டும் என்று படியிறங்கிவிட்டார்.

சுவிஸின் இந்த வின்டர்தூரில் எங்கள் தமிழ் ஆட்களில் அவர் மனைவியைத் தெரியாதவர்கள் குறைவு. ஓய்வுபெற்ற தாதி. டொச், அதாவது ஜெர்மன் மொழி தெரியாத எங்கள் முதியவர்களை வைத்தியரிடம் கூட்டிப்போய், நோயை எடுத்துச் சொல்லி, மருந்தும் வாங்கிக் கொடுத்து வீட்டில் விட்டுவிட்டுப் போவார். பெயர் யொங்ஜா. உங்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? "சீன அன்ரி" என்றால்தான் தெரியும். நானும் அப்படித்தான் சொல்லிவந்தேன்.

என் அப்பா இறந்தபோது அன்ரி யாரையோ விசாரித்திருக்கிறார். செத்தவீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள், மீன் இறைச்சி என்று மச்சம் எதுவும் ஆகாது என்பதெல்லாம் தெரிந்துகொண்டு, காளானும் மரக்கறியும் போட்ட கஞ்சி ஒரு பானை நிறையக் கொண்டுவந்தார். மீன் சோஸ்கூட விடவில்லை என்றார். எனக்குப் பசியில்லை என்றேன்.

"நிறையச் சாப்பிட வேண்டாம். நெஞ்சில் ஒரு புள்ளி வைத்தால் போதும்," என்றார்.

அது என்ன புள்ளி என்று கேட்டேன். அழுது களைத்திருந்த எனக்கு வேறு ஏதாவது பேச்சு வேண்டியிருந்தது. அவர் ஊரில் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஜொம்சிம் என்று பெயராம். சீன எழுத்தில் எழுதினால் இரண்டே எழுத்து, ஒன்று புள்ளி, மற்றது நெஞ்சு. பசித்த நெஞ்சை லேசாகத் தொட்டுவிடுகிற அளவு உணவு என்று அதற்குப் பொருள் சொல்வார்களாம். அதே இரண்டு எழுத்துத்தான் சீன உணவகங்களில் டிம் சம், ஆவியில் அவித்த சிற்றுண்டி. யப்பானில் தென்ஷின், மடத்துத் துறவிகள் இரு வேளைக்கு நடுவே கொஞ்சமாய்ச் சாப்பிட்டது.

"சொல் சீனாவில் பிறந்தது, அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் அதை முழுச் சாப்பாடாக்கியது எங்கள் கொரியா," என்று கோப்பையை என் பக்கம் தள்ளினார். நான் முழுதும் சாப்பிட்டேன்.

எங்களில் ஒருவர் இறந்தால் படம் போட்டு, பூ வைத்து, பிறப்பிடம் வதிவிடம் எழுதிக் கண்ணீர் அஞ்சலி அடிப்போம். அதில் மட்டும் எங்களுக்குத் தாமதம் கிடையாது. அன்ரிக்கும் அடிக்க வேண்டும் என்று எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் சொன்னது நல்ல எண்ணத்தில்தான். "ரீச்சர், ஒருக்கால் பாருங்கோ, பிழை இருக்கோ?" என்று எழுதியதைக் கைபேசியில் அனுப்பினார். தமிழ்ப்பள்ளி ரீச்சரல்லவா, ஒரு காற்புள்ளியைத் திருத்திவிட்டு, "ஓம், அடிக்கலாம்" என்று பதில் போட்டேன்.

இறுதிச்சடங்கு முடிந்த கிழமை மேலே போனேன். ஹெர் கெல்லர் எங்கள் அஞ்சலியைச் சட்டம் போட்டுச் சாப்பாட்டு மேசைக்கு மேலே மாட்டியிருந்தார். மேசையில் காய்ந்த பாணும் சீஸும் இருந்தன. எங்களில் ஒருவரும் அந்த வீட்டுக்கு ஒரு பிடி சோறு கொண்டுபோகவில்லை. நானும் வெறுங்கையோடுதான் போயிருந்தேன்.

அதில் என்ன எழுதியிருக்கிறது, வாசித்துச் சொல்லுங்கள் என்று ஆசையாகக் கேட்டார். முதல் வரி, "சீனாவைப் பிறப்பிடமாகவும், வின்டர்தூரை வதிவிடமாகவும் கொண்ட." இந்த வரியையும் பார்த்துத்தான் அடிக்கலாம் என்று பதில் போட்டிருந்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது, கொரியா என்று மாற்றிச் சொல்லியிருக்கலாம். அந்த யோசனையும் வந்தது. வந்ததே என்று இன்றைக்கும் கூசுகிறது. உள்ளதைச் சொன்னேன்.

அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்கள் அப்படித்தான் கூப்பிடுகிறீர்கள் என்று அவளுக்குத் தெரியும்," என்றார். "நீ அவர்களைத் திருத்தலாமே என்று நான் சொல்வேன். நோயாளியை வைத்துக்கொண்டு அதற்கு எங்கே நேரம் என்பாள்."

அவர் கோபித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

புதிய அஞ்சலி அடித்து மாட்டியாயிற்று. கொரியாவைப் பிறப்பிடமாகவும், வின்டர்தூரை வதிவிடமாகவும் கொண்ட யொங்ஜா கெல்லர். அவரை அறிந்தவர்கள் இனியாவது இப்படியே சொல்லுங்கள்.

அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்திருப்பது அந்த ஒரு சொல்தான். இப்போதெல்லாம் மத்தியானத்தில் சோறும் கறியும் எடுத்துக்கொண்டு மேலே போகிறேன். கதவைத் திறந்ததும் ஹெர் கெல்லர், "ஜொம்சிம்?" என்று கேட்கிறார். ஓம் என்று தலையாட்டுகிறேன். அந்தச் சொல்லை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை.