மோகன் அண்ணனோட வெள்ளை டீம்

மோகன் அண்ணன் போயிட்டாரு. நேத்து சாயந்தரம்... ஹார்ட் அட்டாக்.

காலையில தலவாக்கலை பஸ்ஸுக்கு இறங்கி வரும்போது ரோட்டோரம் பூரா வெள்ளைக் கொடி. பார்த்ததும் சிரிச்சேங்க. இன்னைக்கு ஃபைனல், அண்ணன் திரும்பவும் ஆரம்பிச்சுட்டாருன்னு நினைச்சேன். சந்தியில அண்ணன் படம் போட்ட துக்க பேனரைப் பார்த்தப்புறம்தான் விளங்குச்சு.

தெரியாதவங்களுக்கு... எங்க தேயிலைத் தோட்டத்துல ஆட்டோவுல பாண் ரொட்டி விக்கிறவர். ஆளுக்கு பிரேசில் ஃபுட்போல் பைத்தியம். வேர்ல்ட் கப் பிரேசில் இல்ல. அங்க மாநிலத்துக்கு மாநிலம் தனியா ஒரு சாம்பியன்ஷிப் நடக்கும். நாம தோட்டத்துல டிவிஷன் டிவிஷனா ஆடுறோமே, அதே கதைதான். அதுல ஒரு சின்ன ஊர் டீம். வெள்ளை ஜெர்சி. கப்பைத் தொட்டதே இல்ல.

"ஏன்ணே, பெரிய டீம் ஒண்ணும் கிடைக்கலையா?"ன்னு கேட்டேன்.

"பெரிய டீமுக்குக் கத்த ஊரே இருக்குடா. இவனுங்களுக்கு இந்தப் பக்கம் என்னைய விட்டா யாரு இருக்கா? ஒரே ஒரு தடவை கப்பைத் தூக்கிட்டானுங்கன்னா போதும்."

அங்க ராத்திரி மேட்ச்னா நமக்கு விடியக்காலை. ஃபோனுக்கு சிக்னல் கிடைக்கிற வளைவுல ஆட்டோவை நிப்பாட்டிட்டு மேட்ச் பார்ப்பாரு. வேலைக்குப் பேர் குடுக்க பெரட்டுக்குப் போறவங்க அங்க வந்துதான் பாண் வாங்கணும். டீம் தோத்தா பாணோட திட்டும் கிடைக்கும்...

"கோல் போடச் சொன்னா கொழுந்து எடுக்குற மாதிரி குனிஞ்சு நிக்கிறான் பாருங்க!"

"எங்களை ஏன் இழுக்குறீங்க, பாணைக் குடுங்க"ன்னு பொம்பளைங்க சத்தம் போடுவாங்க.

போன வருஷம் முதல் தடவையா ஃபைனல். குஷியில சந்தியில இருந்து வீடு வரைக்கும் வெள்ளைக் கொடி கட்டிட்டாரு மனுஷன். எங்க பக்கம் சாவு வீட்டுக்குத்தான் அப்படிக் கட்டுறதுங்கிறதே மறந்துபோச்சு. கீழ் லயத்து வீடுகள்ல இருந்து ஆளுங்க சீனியும் தேயிலையும் எடுத்துக்கிட்டு துக்கம் கேக்க வந்துட்டாங்க. வாசல்ல இவரே நின்னு "வாங்க வாங்க"ங்கிறாரு... அன்னைக்குச் சிரிச்ச சிரிப்பு!

அந்த ஃபைனல் தோல்வி. இந்த வருஷமும் ஃபைனலுக்கு வந்துட்டானுங்க. ஒரு வாரமா அதே பேச்சுதான். இன்னைக்குக் காலையில மேட்ச்... அவர்தான் இல்ல.

பஸ்ஸை விட்டுட்டு, அந்த வளைவுல நின்னு ஃபோன்ல மேட்ச் முடிவைப் பார்த்துட்டு, நேரா அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணனோட சம்சாரம் சாந்தி அக்கா தலைமாட்டுல உட்கார்ந்திருந்தாங்க. என்னைக் கண்டதும் கேட்டது ஒண்ணுதான்.

"மேட்ச் என்னாச்சு தம்பி?"

ஜெயிச்சுட்டாங்கன்னு சொல்லிடலாமான்னு இருந்துச்சு. வாய் வரல. "பெனால்டில போச்சுக்கா."

அக்கா அவர் காதுகிட்ட குனிஞ்சாங்க.

"கேட்டுச்சுங்களா? இந்தத் தடவையும் கோட்டை விட்டுட்டானுங்களாம். எந்திரிச்சுத் திட்டுங்க..."

போயிட்டு வாங்கண்ணே.