மாமன் சீரில் வந்த மீன்

இப்போதும் யாராவது என்னிடம் “மீன்தானே” என்று சொன்னால் எனக்குச் சுள்ளென்று ஏறும். என் அண்ணன் சொன்னார். என் வீட்டுக்காரர் சொன்னார். பக்கத்து வீட்டுத் தறிக்காரம்மா சொன்னார். ஆஸ்பத்திரி லேபில் என்னோடு ரத்தம் எடுக்கிறவர்கள்கூடச் சொன்னார்கள். குழம்பில் கொதிக்கிறதும் மீன்தான், நான் வளர்த்ததும் மீன்தான். இரண்டும் ஒன்று என்று நினைப்பவரிடம் உட்கார்ந்து பேச எனக்குப் பொறுமை கிடையாது.

செல்லூரில் எங்கள் சந்துக்கு இரண்டு பக்கமும் விசைத்தறிகள். பகல் முழுக்கச் சுவர் தடதடக்கும். அந்தச் சுவரோரம்தான் எங்கள் கூடத்துத் தொட்டி. கடல் தண்ணீர்த் தொட்டி. மதுரையில் இருந்துகொண்டு கடல் மீன் வளர்க்கிறேன் என்றால் ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள். ராமேஸ்வரத்திலிருந்து நாலு கேன் தண்ணீர் பிடித்து வந்தால் போதாதா என்பார்கள். நம்ம போர் தண்ணியே உப்புத்தானே, அதையே ஊத்து என்று என் அண்ணனே கேலி செய்திருக்கிறார். ஆர்.ஓ. தண்ணீரில் இதற்கென்றே விற்கிற உப்பைக் கரைத்து, அளவு பார்த்து, மோட்டார் போட்டுச் சுற்றி ஓடவிட்டு, பிறகுதான் ஊற்ற வேண்டும் என்று நான் சொல்லத் தொடங்கினால் எதிரே இருப்பவர் செல்போனை எடுத்துவிடுவார்.

அந்தத் தொட்டியில் ஒரு ஜோடி கிளவுன் மீன் இருந்தது. ஆரஞ்சு உடம்பு, வெள்ளைப் பட்டை. கல்யாணமான அடுத்த வருஷம் வாங்கியது. எங்களுக்குப் பிள்ளை பிறக்க ரொம்ப நாளானது. வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் “விசேஷம் உண்டா” என்று கேட்பார்கள். கேட்டவர்களுக்குக் காபி கொடுத்துவிட்டு நான் தொட்டி முன்னால் போய் நின்றுகொள்வேன். இரண்டில் பெரியது பெட்டை. கண்ணாடியில் என் விரல் போகிற பக்கமெல்லாம் கூடவே வரும். சுத்தம் செய்யக் கையை விட்டால் நறுக்கென்று கடிக்கும். பாறை இடுக்கில் முட்டையிடும், ஆண் மீன் பக்கத்திலேயே நின்று துடுப்பால் விசிறிக்கொண்டிருக்கும். அந்த வருஷங்களில் என்னை ஒன்றும் கேட்காமல் என் முகத்தைப் பார்த்தவை அவை இரண்டும்தான். அதனால் எனக்கு அவை உசுரு. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

பிறகு மகள் பிறந்தாள். காதுகுத்து வைத்தோம். எங்கள் பக்கம் காதுகுத்து என்றால் தாய்மாமன் மடியும் தாய்மாமன் சீரும்தான் விசேஷமே. அண்ணன் சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறார். நல்ல விளைச்சல். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. போன் செய்து, சீர்த்தட்டில் ஒரு நீல மீனும் வருது, மருமகளுக்கு நீலக் கலர்தான் பிடிக்கும் என்றார். ஒரு வயசுப் பிள்ளைக்கு எந்தக் கலர் பிடிக்கும் என்று அவருக்கு யார் சொன்னார்களோ. அது நீல டாங். பார்க்கக் கண்ணைப் பறிக்கும். ஆனால் கடல் மீன் வளர்க்கிற எவரைக் கேட்டாலும் சொல்வார்கள், வெள்ளைப்புள்ளி நோயை மடியில் கட்டிக்கொண்டு வருகிற சாதி அது.

மாமன் சீரை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? முடியாது. சரி, மீனை மட்டும் முன்கூட்டியே கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள், நான் தனியாக வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். மேளம் இல்லாமல் சீர் எப்படிப் படியேறும் என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அதனால்தான் ஒரு தனித் தொட்டியை ஏற்பாடு செய்தேன். குவாரன்டைன் தொட்டி. புதிதாக வரும் மீன் சில வாரம் அதில் இருக்க வேண்டும். நோய் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும், அங்கேயே மருந்து போடலாம். அந்த மருந்தைப் பெரிய தொட்டியில் ஊற்றினால் பவளமும் இறாலும் செத்துப்போகும். நோய் அங்கே புகுந்துவிட்டால் பாறையும் மணலும் அதற்குக் குடியிருப்பு. லேபில் ஒருவருக்குக் குத்திய ஊசியை இன்னொருவருக்குக் குத்துவோமா? இதுவும் அதே கதைதான்.

கூடத்தில் சாமியானா சாமான்கள் வந்து இறங்கும் என்பதால் பாத்ரூமை ஒட்டிய சின்ன அறையில் தொட்டியை வைத்தேன். அடியில் மணல் கிடையாது, வெறும் கண்ணாடி. கழிவு எங்கே கிடக்கிறது என்று தெரிய வேண்டும், எடுக்க வேண்டும். மீன் ஒளிந்துகொள்ள பிவிசி பைப் துண்டுகள். மேலூரில் வேலை பார்க்கிற என் வீட்டுக்காரர்தான் வருகிற வழியில் அவற்றை வாங்கி, பிசிறு கையைக் கிழிக்காதபடி அரம் போட்டுக் கொடுத்தார். ஸ்பான்ஜ் பில்டரை, கழிவைத் தின்கிற நல்ல கிருமிகள் அதில் ஏறட்டும் என்று முன்கூட்டியே பெரிய தொட்டியில் ஊறப்போட்டு வைத்திருந்தேன். தனி வலை, தனி வாளி, தனித் துண்டு. இதில் தொட்ட கையை அதில் விடக்கூடாது என்று அவரிடம் சொன்னேன். தலையாட்டினார். எதற்கு இந்தத் தொட்டி என்று எங்கள் வீட்டில் என்னைத் தவிர முழுதாகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். இதை நான் ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்று பின்னால் தெரியும்.

காதுகுத்து அன்று சந்துமுனையிலிருந்து மேளத்தோடு சீர் வந்தது. பழத்தட்டு, பலகாரத்தட்டு, பட்டுப்பாவாடை, வெள்ளிக் கொலுசு. நடுவில் ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பை. பைக்குச் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்திருந்தார்கள். உச்சி வெயிலில் அந்த மீன் தெரு முழுக்க மேளச் சத்தத்தில் ஆடி ஆடி வந்தது. தாம்பாளத்தை வாங்கிய கையோடு உள்ளே போய், பையைத் தனித் தொட்டியில் மிதக்கவிட்டு, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கி மீனை இறக்கினேன். அது நேராகப் பைப்புக்குள் போய் ஒடுங்கிக்கொண்டது. அம்மாடி என்று மூச்சு விட்டேன்.

சீர் எல்லாவற்றையும் கூடத்தில் பரப்பி வைத்து வருகிறவர்களுக்குக் காட்டுவது வழக்கம். யாரோ மீன் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். அண்ணன் தேடிக்கொண்டு உள்ளே வந்தார். பாத்ரூம் கதவு, ஈரத்தரை, வெறும் கண்ணாடிப் பெட்டி, பைப் துண்டு. அவர் முகம் சுண்டியது.

“என்னத்தா இது?”

“குவாரன்டைன்ல வச்சுருக்கேண்ணே.”

அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ. கொரோனா நேரத்தில் அண்ணன் வீட்டு வாசலில் தகரம் அடித்து, நோட்டீஸ் ஒட்டினார்கள். ஒரே தெருவில் பிறந்து வளர்ந்தவர்கள் அவர் வீட்டைக் கண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். அதை அவர் மறக்கவே இல்லை. அந்தத் தகரத்தின் கோபம் அத்தனையும் என் தொட்டி மேல் இறங்கியது. நாங் கொண்டாந்தது சீக்கு மீனா, எஞ் சீரு கக்கூஸ் ஓரத்துல கெடக்கணுமா என்று கேட்டார். பொறுமையாகத்தான் விளக்கினேன். சத்தியமாகப் பொறுமையாகத்தான். பாதியில் மாடியில் பிள்ளைக்குக் காது குத்த நேரமாகிவிட்டது என்று கூப்பிட்டார்கள்.

அண்ணன் மடியில் வைத்துத்தான் குத்தினார்கள். பிள்ளை வீறிட்டு அழுதாள். அவளைத் தூக்கிக்கொண்டு மாடி அறையில் பால் கொடுத்துத் தூங்கவைத்தேன். நான் கீழே வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நடந்தது இதுதான். பந்திக்குக் கூப்பிட்டபோது அண்ணன் உட்கார மறுத்திருக்கிறார். கூடத்தில் எஞ் சீரு வராத வரைக்கும் இந்த வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று செருப்பைத் தேடியிருக்கிறார். தாய்மாமன் கை நனைக்காமல் போனால் அந்த விசேஷம் விசேஷமே இல்லை, காலத்துக்கும் பேச்சு. எங்கள் ஆட்கள் ஆண்டுக்கணக்கில் பேசாமல் போனதெல்லாம் இப்படி ஒரு இலை முன்னால்தான். என் வீட்டுக்காரர் பயந்துவிட்டார். பைப்புக்கு அரம் போட்ட அதே கையால், நான் தனியாக வைத்திருந்த அதே வலையால், மீனை அள்ளிக் கூடத்துத் தொட்டியில் போட்டுவிட்டார்.

நான் படியிறங்கி வரும்போது அண்ணன் இலை முன்னால் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார். சொந்தக்காரர்கள் தொட்டியைச் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். நீல மீன் பாறைக்குப் பின்னால் பதுங்கியது. என் பெட்டை மீன் வழக்கம்போலக் கண்ணாடிக்கு வந்து என் விரலைத் தேடியது. வீட்டுக்காரர் சாம்பார் வாளியோடு என்னைத் தாண்டிப் போனார், முகத்தைப் பார்க்கவில்லை. இப்பவே எடுக்கணும் என்றேன். பந்தி முடியட்டும், மச்சான் எழுந்துவிடுவார் என்று காதருகே சொன்னார். பாறையெல்லாம் பெயர்த்தால்தான் பிடிக்க முடியும். பிடித்தாலும் அதோடு வந்த நோய் தண்ணீரில் கலந்தாயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு பாயசம் ஊற்றினேன். அந்தப் பாயசத்தில் என் கண்ணீர் விழாதது ஆச்சரியம்.

கொஞ்ச நாளில் நீல மீன் பாறையில் உடம்பைத் தேய்க்கத் தொடங்கியது. தூள் உப்பைத் தூவியதுபோலத் துடுப்பில் புள்ளிகள். அடுத்து என் ஜோடிக்கும் வந்தது. பாறைகளைப் பெயர்த்து, மூன்றையும் பிடித்து, அதே தனித் தொட்டியில் விட்டு காப்பர் மருந்து போட்டேன். வீட்டுக்காரர் தண்ணீர் சுமந்தார், லீவு போட்டார், மன்னிப்பும் கேட்டார். அவர் குரலே எனக்கு ஆகவில்லை. ஆண் மீன் முதலில் போனது. பெட்டை செவுள் படபடக்கத் தொட்டியின் அடியில் சாய்ந்து கிடந்தது. கையை விட்டேன். கடிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு நம்பிக்கை விட்டது.

நீல மீன் பிழைத்துக்கொண்டது. அது என்ன பாவம் செய்தது, அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை. கூடத்துத் தொட்டியை மீன் இல்லாமல் சும்மா ஓடவிட்டு, நோய் அற்றுப்போன பிறகு அதைத் திரும்பக் கொண்டுவந்து விட்டேன். அண்ணனிடம் எதுவும் சொல்லாதே, வருத்தப்படுவார் என்று வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார். யார் வருத்தப்படலாம், யார் வருத்தப்படக் கூடாது என்று பிரித்துக் கொடுக்க இவர் யார்?

அண்ணன் அதன்பின் முதல் தடவையாக ஒரு ஞாயிற்றுக்கிழமை வெற்றிலைக் கட்டோடு வந்தார். தொட்டி முன்னால் நின்று நீல மீனைப் பார்த்துப் பூரித்துப்போனார்.

“பாத்தியா, மாமன் கைராசி. எம்புட்டு வளந்துருச்சு! அந்த ஆரஞ்சு ரெண்டயும் எங்க காணோம்?”

வீட்டுக்காரர் முந்திக்கொண்டு, அதுக்கெல்லாம் வயசாயிருச்சு மச்சான், சாப்பிட வாங்க என்றார். அண்ணன் உட்கார்ந்தார். நான் சோறு வைத்தேன், குழம்பு ஊற்றினேன். அவர் பிசைந்து முதல் வாய் எடுக்கிறவரை காத்திருந்தேன்.

“வயசாகலண்ணே. அன்னிக்கு நீங்க கை நனைக்கணும்னுதான் இவரு உங்க மீன அங்கிட்டு மாத்துனாரு. அந்த நோயிலதான் ரெண்டும் செத்துச்சு.”

அவர் கை நின்றது. வீட்டுக்காரரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “மீனுதானத்தா” என்றார். பிறகு முகம் இறுகி, கையை ஊன்றி எழப் போனார். வீட்டுக்காரர் பதறிக்கொண்டு வாயைத் திறந்தார். நீங்க பேசாதீங்க என்று அவரை நிறுத்தினேன்.

“எந்திரிக்கிறதுன்னா எந்திரிங்கண்ணே. இந்தத் தடவ உங்களுக்காக இந்த வீட்ல எதயும் எடுத்து மாத்தி வைக்க மாட்டோம்.”

எழுந்துவிட்டார். கையைக் கழுவிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, சந்தில் இறங்கிப் போனார். வீட்டுக்காரர் மச்சான் மச்சான் என்று பின்னாலேயே ஓடினார். நான் ஓடவில்லை. தட்டைக் கழுவினேன். நீல மீனுக்கு இரை போட்டேன்.

இன்னும் பேச்சுவார்த்தை இல்லை. வருவார். மகள் இருக்கிறாள், நாளைக்குப் பெரிய மனுஷியானால் சீர் தூக்க அவரை விட்டால் ஆள் கிடையாது. பாத்ரூமை ஒட்டிய அறையில் அந்தத் தொட்டி இப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது, தண்ணீர் மாற்றிக்கொண்டிருக்கிறேன். எத்தனை மேளத்தோடு வந்தாலும் அடுத்த சீர் மீன் அதில்தான் இறங்கும்.