கழுத்திலும் மூளையிலும் அடைபட்ட வழியைக் கர்த்தர் திறந்தார்

நான் கோபத்தோடுதான் இந்தச் சாட்சியைச் சொல்கிறேன். ஸ்தோத்திரமும் உண்டு, நிறையவே உண்டு. ஆனால் கோபத்தை மறைத்துவிட்டுச் சொன்னால் இது பாதிச் சாட்சிதான்.

போன வருடம் லெந்து எனும் தவக்காலத்தில் ஒரு ஞாயிறு. ஆராதனை முடிந்து செம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தோம். என் கணவர் சாமுவேல் சாப்பிட உட்கார்ந்தார். இட்லியைப் பிட்ட வலது கை அப்படியே தட்டில் விழுந்தது. வாய் ஒரு பக்கம் கோணியது. "என்னங்க?" என்று கேட்டேன். என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். அதில் வார்த்தையே இல்லை. அன்று காலையில் பாடகர் குழுவில் நின்று பாடிய மனிதர் அவர்.

என்னை டீச்சர் என்றே கூப்பிடும் பக்கத்து வீட்டு வித்யா தன் காரிலேயே எங்களை அருகிலிருந்த ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனாள். ஸ்கேன் எடுத்தார்கள். டூட்டி டாக்டர் வெளியே வந்தார்.

"ஸ்ட்ரோக்மா. கழுத்துல ஒரு அடைப்பு, மூளைக்குள்ள ஒரு அடைப்பு. ரெண்டு இடத்துல இருக்கு. இப்போதைக்கு டிரிப்ஸ் போட்டிருக்கோம். பெரிய டாக்டர் திங்கட்கிழமை வந்து பார்ப்பார்."

"திங்கட்கிழமையா? இன்னைக்கு ஞாயிறு சார்!"

"இன்னைக்கு அவருக்கு லீவும்மா."

எனக்குப் பற்றி எரிந்தது. லீவு டாக்டருக்குச் சரி. என் கணவரின் மூளைக்கு யார் லீவு கொடுத்தது? தங்களால் முடியாது என்றால் பரவாயில்லை. முடிகிற இடத்துக்கு உடனே போங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அல்லவா? அந்த ஒரு வார்த்தையை அங்கே யாரும் சொல்லவில்லை. கட்டிலில் கிடத்திவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

அதற்குள் எங்கள் சபை மூப்பர் ஒருவர் வந்து சேர்ந்தார். நல்லவர்தான். கட்டிலருகில் நின்று ஜெபித்தார். பிறகு என்னிடம், "அங்க இங்க அலைய வேணாம் சிஸ்டர். கர்த்தர் இங்கயே சுகம் கொடுப்பார். விசுவாசமா காத்திருங்க" என்றார்.

வித்யா என் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துப் போனாள். "டீச்சர், எங்கப்பாவுக்கு வந்தப்பவும் நாளைக்குப் பாக்கலாம்னுதான் சொன்னாங்க. நாங்களும் நம்பி உக்காந்திருந்தோம். அப்பா இன்னைக்கு வரைக்கும் பேசல. கால் வழியா குழாய் விட்டு அடைப்பை எடுக்கிற ஆஸ்பத்திரி ஒண்ணு இருக்கு. போன் பண்ணிட்டேன். டாக்டர் இருக்காங்களாம். கிளம்புங்க."

நான் மூப்பரிடம் திரும்பினேன். "ஐயா, காத்திருக்கிறது விசுவாசம்னா, கிளம்புறதும் விசுவாசம்தான். வழிவிடுங்க."

ஆம்புலன்ஸில் ஜெபித்தேன். அழகான ஜெபம் இல்லை அது. "ஆண்டவரே, எனக்கு உம் மேலேயே கோபமாக இருக்கிறது. உம்மைப் பாடின வாயை இப்படிக் கோணலாக்கிவிட்டு என்னிடம் பொறுமையைக் கேட்காதேயும். வழியைத் திறவும். இப்போதே திறவும்." ஜிஎஸ்டி ரோட்டில் வண்டிகள் ஒதுங்க மறுத்தன. சைரன் கேட்டும் எங்களுக்கு முன்னால் குறுக்கே நுழைந்தது ஒரு கார். டிரைவர் தலையை வெளியே நீட்டி, "யோவ், உள்ள ஆளு கீதுய்யா! ஒதுங்குய்யா!" என்று கத்தினார். அந்தக் கத்தலை நான் ஆமென் என்றுதான் கேட்டேன்.

இரண்டாவது மருத்துவமனையில் ஒரு பெண் டாக்டர் எங்களுக்காகவே காத்திருந்தார். ஸ்கேன் படத்தைப் பார்த்தபடியே தன்னுடன் இருந்த இன்னொரு டாக்டரோடு விவாதித்தார். அந்த டாக்டர் கழுத்தை முதலில் சரிசெய்யலாம் என்றார். பெண் டாக்டர் மூளைக்கு முதலில் போகலாம் என்றார்.

"டாக்டர், உங்களுக்கே தெரியலையா?" என்று கேட்டேன். குரல் உயர்ந்துதான் போயிற்று.

பெண் டாக்டர் கோபப்படவில்லை. "தெரிஞ்சதைச் சொல்றேன்மா. கழுத்துல ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. அங்கிருந்து ஒரு ரத்தக்கட்டி போய் மூளைக் குழாயையும் அடைச்சிருக்கு. முதல்ல கழுத்துல ஸ்டென்ட், அதாவது குழாயைத் திறந்து வைக்கிற வலைக்குழல் வெச்சா மேல போக நல்ல வழி கிடைக்கும். ஆனா அந்த நேரம் பூரா மூளை ரத்தம் இல்லாம தவிக்கும். முதல்ல மேல போனா மூளைக்குச் சீக்கிரம் ரத்தம் கிடைக்கும். ஆனா கழுத்து மறுபடி மூடிக்கலாம். அதுக்கு ஸ்டென்ட் வெச்சா ரத்தம் உறையாம இருக்க மருந்து கொடுக்கணும். அதனால மூளைக்குள்ள ரத்தம் கசியலாம். ரெண்டு மாதிரியும் செய்றாங்க. எல்லாருக்கும் இதுதான் சரின்னு ஒண்ணைச் சொல்ல முடியாது."

"இவருக்கு?"

"கழுத்தைச் சின்ன பலூனால கொஞ்சம் விரிச்சுட்டு நேரா மூளைக்குப் போறேன். கட்டியை எடுத்த பிறகு கழுத்து எப்படி இருக்குன்னு பார்த்து ஸ்டென்டைப் பத்தி முடிவு பண்றேன்."

அன்று முழுவதும் நான் கேட்ட முதல் உண்மைப் பேச்சு அது. "செய்யுங்க டாக்டர்" என்றேன்.

கதவு மூடியது. நானும் வித்யாவும் தரையில் உட்கார்ந்தோம். அவள் தன் சாமியைக் கும்பிட்டாள். நான் என் ஆண்டவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: "அந்த டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளும்."

டாக்டர் வெளியே வந்தபோது தொப்பி நனைந்திருந்தது. "கட்டி முழுசா வந்துடுச்சு. மூளைக்கு ரத்தம் போகுது. கழுத்து திரும்ப மூடப் பார்த்தது, அதனால ஸ்டென்ட் வெச்சுட்டோம். இனி ரத்தக்கசிவு வராம இருக்கணும். நாளைக்கு ஸ்கேன்ல தெரியும்."

மறுநாள் ஸ்கேனில் கசிவு இல்லை. அதற்கடுத்த நாள் என் கணவர் என்னைப் பார்த்து, திக்கித் திக்கி, "சட்டை... எங்கே?" என்றார். அவசரத்தில் அவருடைய ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைக் கத்தரித்திருந்தார்கள். அதற்குத்தான் அத்தனை கோபம் அவர் முகத்தில். நான் சிரித்தேன், அழுதேன், ஸ்தோத்திரம் சொன்னேன்.

முழுச் சுகம் வந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். வலது கை விரல்கள் இன்னும் மந்தம்தான். சில வார்த்தைகளுக்காகத் தடுமாறுகிறார். ஆனாலும் நடக்கிறார், பேசுகிறார், என்னோடு சண்டை போடுகிறார்.

சபையில் சாட்சி சொல்ல அழைத்தார்கள். அதே மூப்பர் என்னிடம் மெதுவாக வந்து, "டாக்டர், பக்கத்து வீட்டுப் பொண்ணு, இதெல்லாம் ரொம்பச் சொல்ல வேணாம் சிஸ்டர். கர்த்தருக்கு வர்ற மகிமை குறைஞ்சிடும்" என்றார்.

"அவர் அனுப்பின ஆட்களை மறைச்சாதான் ஐயா குறையும்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். வித்யாவை முன்வரிசையில் உட்கார வைத்துக்கொண்டு சொன்னேன்.

முன்பெல்லாம் நான் பணிவாக ஜெபிப்பேன், பணிவாகவே காத்திருப்பேன். இப்போது மாதர் சங்கக் கூட்டத்தில் வேதபாடம் முடிந்ததும் எழுந்து நிற்கிறேன். முகம் கோணினால், கை விழுந்தால், பேச்சு குழறினால் எந்த மருத்துவமனைக்கு நேராகப் போக வேண்டும் என்று இன்றே விசாரித்து வையுங்கள் என்கிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும்.

அன்பானவர்களே, கர்த்தர் ஜெபத்தைக் கேட்கிறார். கோபமான ஜெபத்தையும் கேட்கிறார், நானே சாட்சி. அவரை நம்புங்கள். உங்கள் வீட்டில் ஒருவர் இப்படிச் சாய்ந்தால் முழங்காலில் நின்று கதறுங்கள். ஆனால் அதற்கு முன் ஆம்புலன்சுக்குச் சொல்லிவிடுங்கள். வண்டி வரும்வரை ஜெபிக்க நேரம் இருக்கிறது.